ஊர்ப்பெயர் தாங்கிய கண்ணோய்

நோய்களுக்கு ஊர்ப்பெயர் சூட்டும் வழக்கம் மிகப் பழையது. ஒரு தொற்றுநோயை எந்த ஊர் மருத்துவர் முதலில் எழுதி வைக்கிறாரோ அந்த ஊரே அதன் பெயரைச் சுமந்து நிற்கிறது. அது உண்மையில் எங்கே தோன்றியது, யார் கொண்டு வந்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. இவ்வாறு ஊர்ப்பெயர் தாங்கிய நோய்களுள் தமிழர்க்கு மிக நெருங்கியது, கண் சிவந்து, நீர் வடிந்து, காலையில் பீளையால் இமைகள் ஒட்டிக்கொள்ளும் செங்கண் நோயாகும். தமிழ்நாட்டில் படித்தவரும் படியாதவரும் ஒருங்கே அதனை 'மெட்ராஸ் ஐ' என்பர். 1996-ல் அந்நகரின் பெயர் சென்னை என மாறிவிட்டது; நோயின் பெயர் மட்டும் மாறவில்லை.

பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் அப்பெயர் அவ்வளவாக வழங்கவில்லை. சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் ஈப்போவின் புந்தோங்கிலும் வாழ்ந்த நம் மக்கள் 'கண்ணு வலி' என்று சொன்னார்கள். மலாய்க்காரர் 'சாக்கிட் மாத்தா' என்றார்கள். பெயர் எதுவாயினும், ஒரு லயத்தில் ஒரு குழந்தைக்கு வந்தால் ஒரு வாரத்திற்குள் லயம் முழுவதும் கண்ணைக் கசக்கும் என்பதை அறியாதவர் இலர்.

இந்நோய் ஒட்டும் தன்மையுடையது என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். சுசுருத சங்கிதை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் பிணிகளை வரிசைப்படுத்தும் இடத்தில், தொழுநோய், சுரம், இளைப்பு நோய் ஆகியவற்றோடு கண் அழற்சியையும் சேர்த்துக் கூறுகிறது. உடலோடு உடல் படுதல், சேர்ந்து உண்ணுதல், ஒரே படுக்கையில் கிடத்தல், பிறர் அணிந்த ஆடையையும் மாலையையும் பூச்சுப் பொருளையும் பயன்படுத்துதல் ஆகியவற்றால் இவை பரவும் என்பது அந்நூலின் கருத்து. பிறர் கண்ணைப் பார்ப்பதால் வரும் என்று அந்தப் பட்டியலில் இல்லை. பிற்காலத்தார் எப்படியோ அதைச் சேர்த்துக்கொண்டனர். நோயாளி கறுப்புக் கண்ணாடி அணிந்தால் பிறருக்குத் தொற்றாது என்ற நம்பிக்கை இன்றளவும் நம்மிடையே உலவுகிறது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தின் கூச்சத்தைத் தணிக்கும். வேறு யாரையும் காப்பாற்றாது.

தமிழ் மருத்துவத்திலும் கண்ணுக்குத் தனி இடம் உண்டு. அகத்தியர் பெயரால் வழங்கும் நயனவிதி கண்ணோய்கள் தொண்ணூற்றாறு எனக் கணக்கிடுகிறது. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் ஒற்றுவதும், மஞ்சளில் நனைத்த துணியால் துடைப்பதும், தாய்ப்பாலைச் சொட்டாக விடுவதும் கப்பலேறி மலாயாவுக்கும் வந்தன. மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொள்ளும் வழக்கமும் உடன் வந்தது. மஞ்சள் துணி தீங்கற்றதுதான். ஆனால் ஒரே துணியைக் கொண்டு நான்கு பிள்ளைகளின் கண்களைத் துடைத்தபோது மருந்தே வாகனமாகிவிட்டது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளையும் அவர்களுடைய கண்களின் வண்ணப் படங்களையும் எழுதுவித்துச் சேர்த்து வைத்தார். அவை சரசுவதி மகால் நூலகத்துச் செல்வங்களுள் அடங்கும்.

மேனாட்டாருக்கு இந்நோயின் அச்சம் ஏற்பட்டது எகிப்தில். 1798-ல் நெப்போலியன் அந்நாட்டின் மீது படையெடுத்தபோது அவனுடைய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் கண் சிவந்து கிடந்தனர்; பலர் பார்வை இழந்தனர். பின்னர் அங்குப் போரிட்ட ஆங்கிலப் படைக்கும் அதே கதி நேர்ந்தது. அவர்கள் தத்தம் நாடு திரும்பியபோது 'எகிப்தியக் கண்ணழற்சி' ஐரோப்பா எங்கும் பரவிற்று. அது ஒரு நோயன்று. பல நோய்களின் கூட்டம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. இமையின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி, வடுவாக்கி, மயிரை உள்நோக்கி வளைத்து, கருவிழியைக் கீறிக் குருடாக்கும் டிரக்கோமா அவற்றுள் கொடியது. 1883-ல் காலராவை ஆராய எகிப்துக்குச் சென்ற ராபர்ட் கோக் கண்டறிந்த நுண்ணுயிரால் வரும் கடுஞ் செங்கண் மற்றொன்று. மேகவெட்டை நோயால் வரும் சீழ்க்கண்ணும் உண்டு.

குருடாகித் திரும்பிய படைவீரர்களின் அவலம் ஒரு நன்மைக்கும் காரணமாயிற்று. 1805-ல் லண்டனில் சாண்டர்ஸ் என்ற மருத்துவர் கண்ணுக்கென்று ஒரு தனி மருத்துவச் சாலை தொடங்கினார். அதுவே பின்னர் மூர்ஃபீல்ட்ஸ் எனப் புகழ்பெற்றது. அங்கு உருவான கண் மருத்துவத்தின் வழி வந்த ரிச்சர்ட்சன் என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சார்பில் 1819-ல் சென்னையில் கண் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். இராயப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் எழும்பூருக்குச் சென்ற அம்மருத்துவமனை, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்ததாகக் கருதப்படுகிறது. நைல் நதிக்கரையில் சிப்பாய்களுக்கு வந்த கண்வலி எழும்பூரில் ஒரு கட்டடமாக எழுந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தக் கட்டடத்தில்தான் நம் கதையின் முக்கிய அத்தியாயம் நிகழ்ந்தது. 1918-ஆம் ஆண்டளவில் சென்னையில் ஒரு செங்கண் அலை எழுந்தது. எழும்பூர் மருத்துவமனையின் தலைவராக இருந்த கர்க்பாட்ரிக் அதனை ஊன்றிக் கவனித்தார். மற்றச் செங்கண்களில் சிவப்புத் தணிந்தால் நோய் தீர்ந்தது. இதிலோ சிவப்புத் தணிந்த பிறகு கருவிழியில் சிறு சிறு வட்டப் புள்ளிகள் தோன்றிப் பார்வையை மங்கச் செய்தன. அவை மறையப் பல வாரங்களும் மாதங்களும் ஆயின. இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1920-ல் பிரிட்டனின் கண் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. 'மெட்ராஸ் ஐ' என்ற பெயர் இதிலிருந்து பிறந்தது என்பர்.

ஆயின், நோய் சென்னையில் பிறந்ததா? இல்லை. வியன்னா நகரில் ஃபூக்ஸ் முதலியோர் இத்தகைய கருவிழிப் புள்ளிகளை 1889-லேயே விவரித்திருந்தனர். பம்பாயில் ஹெர்பர்ட் என்பவர் 1901-ல் எழுதியிருந்தார். சென்னைக்குப் பின்னும் அது ஊர் ஊராகச் சென்றது. 1941-ல் ஹவாய்த் தீவின் பேர்ள் துறைமுகத்துக் கப்பல் தொழிலாளரிடையே பரவி, அமெரிக்கப் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்து, 'கப்பல் பட்டறைக் கண்' என்று இன்னொரு பெயரும் பெற்றது. கண்ணில் விழுந்த இரும்புத் துகளை எடுத்துவிட மருந்தகத்திற்குச் சென்ற தொழிலாளி, துகளை விட்டுவிட்டு நோயை வாங்கி வந்தான். ஒருவன் கண்ணைத் தொட்ட விரலும் கருவியும் மருந்துச் சொட்டுக் குழாயும் அடுத்தவன் கண்ணையும் தொட்டன. நோய் தீர்க்கும் இடமே நோய் பரப்பும் இடமாவது கண்ணோயின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. 1953-ல் அடினோ வைரஸ் என்னும் நுண்கிருமி கண்டறியப்பட்டது. 1955-ல் ஜாவெட்ஸ் முதலியோர் இக்கண்ணோய்க்குக் காரணம் அக்கிருமியின் 8-ஆம் வகை என நிறுவினர். ஆகவே சென்னை செய்த குற்றம், அங்கு நல்ல மருத்துவமனையும் கூர்ந்து பார்க்கும் மருத்துவரும் இருந்ததே ஆகும்.

இனி, எழுதி வைக்க எவரும் இல்லாத இடத்தின் கதைக்கு வருவோம்.

பேராக்கிற்குத் தமிழர் திரளாக வந்தது முதலில் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு, பின்னரே ரப்பருக்கு. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் பரிசோதிக்கப்பட்டு, கப்பலின் மேல்தளத்தில் ஒரு வாரம் நெருக்கியடித்துப் பயணம் செய்து பினாங்கு சேர்ந்தனர். அங்கே ஜெரஜாக் தீவில் தடுப்பு முகாம் இருந்தது. அம்முகாம்களின் அதிகாரிகள் அஞ்சியது பெரியம்மையையும் காலராவையும். செங்கண்ணுக்காகக் கப்பலை நிறுத்தியவர் யார்? அமெரிக்க நாடு 1897 முதல் டிரக்கோமா உள்ளவரை நுழையவிடாமல் திருப்பி அனுப்பியது. நியூயார்க்குத் துறைமுகத்தில் குடியேறிகளின் இமைகளைச் செருப்புப் பொத்தான் மாட்டும் கொக்கியால் திருப்பிப் பார்த்தார்கள். மலாயாவுக்கோ கைகள் தேவைப்பட்டன. கண் சிவந்திருந்தாலும் கை கையே.

தோட்டத்துப் பழைய சுகாதார அறிக்கைகளைப் புரட்டினால் மலேரியா, சீதபேதி, கொக்கிப்புழு என்று பக்கம் பக்கமாகக் காணலாம். கண்வலிக்கு அங்கே இடம் குறைவு. காரணம் எளிது. அது ஆளைக் கொல்வதில்லை. கொல்லாத நோய் சாவுப் பதிவில் ஏறாது. ஆஸ்பத்திரியில் படுக்கவும் வைப்பதில்லை. ஆதலால் படுக்கைக் கணக்கிலும் வராது. டிரெசர் ஒரு சொட்டு மருந்து விட்டு அனுப்பிவிடுவார். வரலாறு பெரும்பாலும் பதிவேடுகளை நம்பி எழுதப்படுவது. எனவே இந்நோயைத் தோட்டத்தின் அமைப்பிலிருந்துதான் ஊகித்து அறிய வேண்டியிருக்கிறது.

அந்த அமைப்பைப் பாருங்கள். முதுகோடு முதுகு ஒட்டிய லயத்து அறைகள். ஓர் அறையில் ஒரு குடும்பம், சில வேளைகளில் அதற்கு மேலும். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே தண்ணீர்க் குழாய். விடியுமுன் பெரட்டுக்குச் செல்லும் தாய், தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். அங்கே இருபது முப்பது குழந்தைகள்; ஒரே ஆயா; ஒரே வாளித் தண்ணீர்; முகம் துடைக்க ஒரே துண்டு. கண்களை மொய்க்கும் சிற்றீக்கள் வேறு. நண்பகலில் தாய் வந்து தூக்கும்போது குழந்தையின் கைவிரல் தாயின் கண்ணில் படும். பெரிய பிள்ளைகள் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பலகையில் நெருங்கி உட்கார்ந்து, ஒரே துணியால் சிலேட்டைத் துடைத்தார்கள். சுசுருதர் சொன்ன வழிகள் அனைத்தும் ஓரிடத்தில் கூடியிருந்தன என்றே சொல்ல வேண்டும். 1948-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதையடுத்து அவசர காலம் பிறந்தது. 1950-க்குப் பின் சிதறிக் கிடந்த லயங்களைப் பல தோட்டங்களில் ஒன்று சேர்த்து முள்வேலிக்குள் அடைத்தார்கள். பாதுகாப்பு நோக்கில் அதற்கு ஆயிரம் நியாயம் கூறலாம்; ஒட்டு நோய்க்கு அதைவிட வசதி வேறில்லை.

தொழிலாளிக்கு அதனால் என்ன நட்டம்? கர்க்பாட்ரிக் எழுதிய கருவிழிப் புள்ளிகளை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். மெட்ராஸ் ஐ வந்த குமாஸ்தா சில மாதங்கள் எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று முறையிடுவார். பால்மரம் வெட்டுபவனின் நிலை வேறு. அவன் இருட்டிலே, நெற்றி விளக்கின் வெளிச்சத்திலே, பட்டையை மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கத்தி சிறிது ஆழ்ந்தால் மரத்தின் வளர்படலம் காயமுறும். காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும், மறுமுறை வெட்ட உதவாது. காயத்துக்குக் கண்டிப்பு உண்டு. பார்வை மங்கியவன் வேலைக்குப் போனால் மரம் கெடும். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. நாட்கூலிக்கு வாழ்ந்தவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நோயுற்றவர் வீட்டில் தங்குவதே தொற்றைத் தடுக்கும் முதல் வழி என்கிறது மருத்துவம். தோட்டத்தின் கூலி முறையோ அவரை வீட்டில் தங்கவிடவில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். தோட்டக் குழந்தைகளுள் கண் கெட்டவர் எல்லாரும் தொற்றினால் கெட்டவர் அல்லர். ஏ வைட்டமின் குறைவால் கருவிழி வறண்டு, மென்மையாகி, உடைந்துபோகும் நோய் தென்கிழக்காசியாவில் அக்காலத்தில் மிகுதியாக இருந்தது. கொழுப்பு நீக்கிய டின் பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுத்ததும் ஒரு காரணம். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ல் சிங்கப்பூரில் டின் பாலின் கேட்டைப் பற்றி மிகக் கடுமையாகவே பேசினார். பிற்காலத்தில் அதே தோட்டங்களில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயின் செந்நிறத்துக்குக் காரணமான பொருளே உடலில் ஏ வைட்டமினாக மாறுவது.

டிரக்கோமாவின் கிருமியை முதலில் கண்ணால் கண்டதும் நமக்கு அண்டையிலேதான். 1907-ல் ஜாவாவுக்கு வந்திருந்த ஹால்பர்ஸ்டேட்டர், ப்ரோவாசெக் என்ற இரு அறிஞர்கள், நோயாளியின் இமையிலிருந்து சுரண்டி எடுத்ததை ஒராங் ஊத்தானின் கண்ணில் இட்டுச் சோதித்து, செல்களுக்குள் இருந்த நுண்துகள்களைக் கண்டனர். அக்கிருமியைத் தனியே வளர்த்துக் காட்டியவர் சீன அறிஞர் தாங் ஃபெய்ஃபான்; ஆண்டு 1957. இந்தியாவில் டிரக்கோமா பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2024-ல் அறிவித்தது. மருந்து மட்டும் அதைச் செய்யவில்லை. முகம் கழுவத் தண்ணீர் கிடைத்ததும் செய்தது.

செங்கண்ணோ ஒழியவில்லை. மாறாக, 1969-ல் புது வடிவெடுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் கானா நாட்டின் அக்ரா நகரில், கண்ணின் வெண்படலத்தில் இரத்தம் கசிந்து சிவக்கும் ஒரு நோய் கிளம்பியது. தொற்றிய ஒரு நாளிலேயே கண் வீங்கிற்று. ஒரு வாரத்தில் தானே தணிந்தது. ஜூலையில் அப்போலோ 11 சந்திரனில் இறங்கவே, மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு 'அப்போலோ நோய்' என்றனர். நிலவுக்குச் சென்றவர்கள் திரும்புமுன்பே நோய் வந்துவிட்டது என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காரணம் சந்திரத் தூசியன்று. 70-ஆம் எண் என்டரோ வைரஸ். ஜப்பானிய அறிஞர்கள் 1971-ல் அதைப் பிரித்தெடுத்தனர்.

அதற்கிடையில் சிங்கப்பூரில் 1970-ல் ஒரு பெரும் செங்கண் அலை எழுந்தது. பார்வைக்கு அதே நோய்தான். ஆனால் யின்-மர்ஃபி முதலியோர் அங்கே பிரித்தெடுத்தது வேறொரு கிருமி: காக்சாக்கி ஏ 24-இன் புது வகை. ஒரே முகம், இரண்டு கிருமிகள். ஏறக்குறைய ஒரே காலத்தில் உலகின் இரு மூலைகளில் வெளிப்பட்டன. இவ்விரட்டை நோய் அவ்வாண்டுகளில் இப்பகுதி நாடுகளை ஒருங்கே வாட்டியது. 1971-ல் இந்தியாவை அடைந்தது. கல்கத்தாவில் அப்போது கிழக்கு வங்காளத்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்திருந்தனர். அவர்களோடு வந்தது என்று எண்ணிய நகரத்தார், விடுதலைப் போரின் முழக்கத்தையே எடுத்து நோய்க்கு 'ஜொய் பங்களா' என்று பெயரிட்டனர். வீடிழந்து வந்தவர்களின் வெற்றி முழக்கம் ஒரு கண்வலியின் பெயரானது வருந்தத்தக்கதே. பம்பாயில் டாக்டர் வாடியா முதலியோர் இன்னொன்றையும் கவனித்தனர்: செங்கண் வந்து தணிந்த சில வாரங்களில் சிலருக்கு இளம்பிள்ளை வாதம் போன்ற கால் முடக்கம் ஏற்பட்டது. 'வந்தால் ஒரு வாரம்' என்று அலட்சியமாகச் சொல்லப்பட்ட நோய்க்கு இப்படியும் ஒரு முகம் இருந்தது.

அதன் பிறகு என்டரோ வைரஸ் 70 மெல்ல மெல்ல மறைந்து அரிதாயிற்று. சிங்கப்பூரில் பிடிபட்ட காக்சாக்கி வகையோ பதினைந்து ஆண்டுகள் ஆசியாவிலேயே உழன்றுவிட்டு, 1980-களின் நடுவில் பசிபிக் தீவுகளுக்கும் கரீபியனுக்கும் பாய்ந்தது. 2002-ல் மலாக்காவில் எழுந்த செங்கண் அலைக்கும் அதுவே காரணமாக இருந்தது. அதற்குள் பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போயின; லயத்து மக்கள் ஈப்போவின் அடுக்கு வீடுகளுக்கும் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் பெயர்ந்தனர். வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. நோய் ஆயாக் கொட்டகையை விட்டுப் பாலர் பள்ளிக்கும் தங்கும் விடுதிக்கும் இடம் மாறியது. இத்தகைய வைரஸ் செங்கண்ணைக் குணப்படுத்தும் தனி மருந்து எதுவும் இல்லை. நோயாளி தனித் துண்டு, தனித் தலையணை வைத்துக்கொள்ளுதல், சோப்பிட்டுக் கை கழுவுதல், கண்ணைக் கசக்காதிருத்தல், தணியும் வரை பள்ளிக்கும் வேலைக்கும் செல்லாதிருத்தல் ஆகியவையே தடுப்பு. அடினோ வைரஸ் மேசையிலும் கதவுப் பிடியிலும் பல நாட்கள் உயிரோடு கிடக்கும். இரண்டு வாரம் வரை பிறருக்குத் தொற்றும். பிறருடைய சொட்டு மருந்தை வாங்கி விட்டுக்கொள்வதும், மருத்துவரைக் கேளாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்குவதும் புதுக்கேட்டை விலை கொடுத்து வாங்குவதாகும்.

புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரோ இனப்பெயரோ சூட்டலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவுரை வழங்கியது. பழைய பெயர்களுக்கு அது செல்லாது. காக்சாக்கி ஏ 24 முதலில் பிடிபட்ட சிங்கப்பூரின் பெயரை எவரும் அதற்குச் சூட்டவில்லை. 2023-ல் அந்தக் கிருமி பாகிஸ்தானிலும் இந்தியாவிலும் பெரும் அலையாக எழுந்தபோது, தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் செங்கண் செய்திகளுக்கு வழக்கம்போல் 'மெட்ராஸ் ஐ' என்றே தலைப்பிட்டன.